குடும்பத்தோடு பனிநாட்டுக்கு: கொங்குப் பக்கத்திலிருந்து கிளம்புவோருக்கு முழு வழிகாட்டி

மார்கழி விடியலில் கோவையில் 18 டிகிரி வந்தாலே எல்லார் தலையிலும் மங்கி குல்லா ஏறிவிடும். அதே வாரம் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் உச்சியில் மைனஸ் 15 என்பது சாதாரணம். முப்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஆனாலும் அம்மாயி, அப்புச்சி, பேரன், பேத்தி என்று வீடே கிளம்பிப் போய் நல்லபடியாகப் பார்த்துவிட்டு வரலாம். அதற்கு ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்: வீட்டில் யாருக்கு அதிகம் குளிருமோ, யார் சீக்கிரம் களைத்துப் போவாரோ, அவரை வைத்துத்தான் தேதி, ஊர், ஓட்டல், பெட்டி எல்லாம். வண்டி ஓட்டுகிற, நன்றாக நடக்கிற ஆளை வைத்துப் போடும் திட்டம் இரண்டாம் நாளே உடைந்துவிடும்.

டிசம்பரில் போக வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில் பேச்சை ஆரம்பியுங்கள்.

முதலில் தேதி

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் அரையாண்டு விடுமுறையை விட்டால் வழியில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம் என்பதால் விமானக் கட்டணமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். பிள்ளைகள் படிப்பு முடிந்த வீடு என்றால் பொங்கல் கழித்து, ஜனவரி கடைசியில் கிளம்புவது எல்லா வகையிலும் மேல். பனி நன்றாகக் கொட்டியிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், டிசம்பரைவிடப் பகலும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

ஆனால் நம் பக்கத்துக்கென்று சில கணக்குகள் உண்டு. தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகைகள் வரிசை கட்டும். ஈரோடு, கொடுமுடிப் பக்கம் மஞ்சள் போட்டவர்களுக்கு அந்த நேரத்தில்தான் வெட்டு தொடங்கும். சில ஊர்களில் கார்த்திகை, மார்கழியில் மாரியம்மன் நோம்பி (திருவிழா) சாட்டிவிடுவார்கள், அதாவது நாள் குறித்து அறிவித்துவிடுவார்கள். சாட்டிய பிறகு வெளியூரில் இரவு தங்குவதில்லை என்ற வழக்கம் உள்ள வீடுகளில், ஊர்ப் பெரியவர்களிடம் நாள் கேட்காமல் டிக்கெட் போடவே கூடாது. தோட்டத்தில் இருப்பவர்கள் பால் கறக்கவும் தண்ணீர் கட்டவும் பண்ணையம் பார்க்க ஆள் உறுதியான பிறகு தேதியைத் தொடுங்கள். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் உங்கள் முறை எப்போது வருகிறது என்பதும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

எந்த ஊர்

பனியைப் பார்ப்பது வேறு, பனிக்குள் நாள் முழுக்க இருப்பது வேறு. பெரியவர்களும் சிறு பிள்ளைகளும் இருந்தால் சுவிட்சர்லாந்தைத்தான் சொல்வேன். அங்கே உச்சி வரை ரயிலும் கேபிள் காரும் போகின்றன. யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். ஒரு மணி நேரம் பனியில் நின்றுவிட்டு உடனே சூடான கட்டடத்துக்குள் வந்துவிடலாம். செலவுதான் கடுமை. அப்பா அம்மா சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கினால் 6 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ரயிலில் இலவசமாக ஃபேமிலி கார்டு தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். நவம்பரில் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள் என்பதால் அந்த மாதம் வேண்டாம்.

முதல் தடவை, பட்ஜெட்டும் கட்டுக்குள் வேண்டும் என்றால் கஜகஸ்தானின் அல்மாத்தியைப் பாருங்கள். இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசா தேவையில்லை. நகரத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஷிம்புலாக் பனிமலை. ஜப்பானில் சப்போரோ பனித் திருவிழா பிப்ரவரியில் நடக்கிறது. பின்லாந்தின் ரோவனியேமி பிள்ளைகளுக்குக் கனவு போல இருக்கும். ஆனால் டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் இரண்டு மணி நேரத்துக்குத்தான் தலைகாட்டும், குளிர் மைனஸ் 20-க்கும் கீழே போகும். எழுபது வயதுக்காரரை முதல் பயணமாக அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

எந்த ஊரானாலும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம் போதும். சூரிச்சில் டிசம்பரில் எட்டு மணிக்கு மேல்தான் விடியும், மாலை ஐந்துக்கு இருட்டிவிடும். ஓட்டலை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுவதைவிட இன்டர்லாக்கன் போன்ற ஒரே ஊரில் தங்கி, காலையில் போய் மாலையில் திரும்புவது பெரியவர்களுக்கு நல்லது.

பாஸ்போர்ட், விசா, பணக் காகிதங்கள்

சுவிட்சர்லாந்து, பின்லாந்து உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது ஷெங்கன் விசா. அதற்கு உங்கள் பாஸ்போர்ட், அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். பத்து வருடத்துக்குள் கொடுக்கப்பட்டதாக, இரண்டு வெற்றுப் பக்கமாவது உள்ளதாக இருக்க வேண்டும். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது முடியாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இல்லை. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அதிக இரவுகள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை கொடுக்கச் சென்னைக்கோ கொச்சிக்கோ பெங்களூருவுக்கோ போக வேண்டி வரும் என்பதால் செப்டம்பரிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். 59 மாதத்துக்குள் ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்திருந்தால் பெரும்பாலும் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

தோட்டக்காரர்களுக்கு இங்கேதான் தலைவலி. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் பலரிடம் வருமான வரிக் கணக்கு இருக்காது. தூதரக அதிகாரிக்கு நம் தென்னந்தோப்பு தெரியாது, காகிதம்தான் தெரியும். பட்டா, சிட்டா நகல், தாசில்தார் தரும் வருமானச் சான்று, கொப்பரையோ மஞ்சளோ பாலோ விற்ற பணம் வங்கிக் கணக்குக்கு வந்த பதிவுகள், இவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கூடவே உங்கள் தொழிலையும் ஊருக்குத் திரும்ப வேண்டிய காரணத்தையும் சொல்லும் ஒரு பக்கக் கடிதம் என்று சேர்த்துக் கட்டுங்கள். விற்ற பணத்தை ரொக்கமாகவே கையில் வைத்திருக்கும் பழக்கம் இருந்தால், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே வங்கி வழியாக வாங்கத் தொடங்குங்கள். விசாவுக்கு முந்தின வாரம் யாரிடமாவது கைமாற்றாக ஐந்து லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவது நல்லதல்ல. சந்தேகத்தைக் கிளப்ப அதைவிட வேறெதுவும் வேண்டாம். கம்பெனி நடத்துபவர்கள் ஜிஎஸ்டி பதிவு, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, வங்கி விவரம் வைத்தால் போதும்.

பெயர் விஷயத்தையும் இப்போதே பாருங்கள். நம்மில் பலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். விமான டிக்கெட்டில் அதை எப்படிப் போட வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டுப் பதியுங்கள். போகிற வழியில் துபாயிலோ சார்ஜாவிலோ இறங்கிச் சுற்றலாம் என்று நினைத்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை 2022 நவம்பர் முதல் அமீரகம் விசிட் விசாவுக்கு ஏற்பதில்லை. முன்கூட்டியே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து மாற்றிக்கொள்வதுதான் வழி.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. பனிச்சறுக்கு விளையாடும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனியாகச் சேர்த்தால்தான் செல்லும். பெரியவர்களுக்கு ஏற்கெனவே உள்ள பிபி, சர்க்கரையை மறைக்காமல் எழுதி வாங்குங்கள்.

டிக்கெட்

முடிந்தவரை கோவையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். ஒரே பதிவாக இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்றி ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் அந்தப் பணம் போனதுதான். டிசம்பர், ஜனவரியில் டெல்லி வழியாகப் போவதைத் தவிருங்கள், மூடுபனியில் அதிகாலை விமானங்கள் மணிக்கணக்கில் நின்றுவிடும். குதிரான் சுரங்கப்பாதை திறந்த பிறகு பாலக்காடு வழியாக நெடும்பாசேரி போவது சுலபமாகிவிட்டது. பொள்ளாச்சி, கோவைக்காரர்களுக்குக் கொச்சி நல்ல வழி. சேலத்துக்காரர்கள் பெங்களூரு என்று நினைப்பார்கள், ஆனால் அந்த விமான நிலையம் நகரத்தைத் தாண்டி வடக்கே இருப்பதால் நெரிசலுக்கும் சேர்த்து நேரம் போடுங்கள்.

துணி: பனியன் ஊர்க்காரர்கள் பருத்தியை மறக்க வேண்டிய இடம்

திருப்பூர் பருத்திப் பனியன் நம் வெயிலுக்கு வரம். பனிநாட்டில் அதை உடம்போடு ஒட்டிப் போடுவது ஆபத்து. நடக்கும்போது வேர்க்கும். பருத்தி அந்த வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே நிற்கும். உடம்புச் சூட்டைக் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக உறிஞ்சுவது தண்ணீர். அதனால் குளிரை விரட்டுவதென்றால் முதல் வேலை உடம்பை உலர்வாக வைப்பதுதான், தடிமனெல்லாம் அதற்குப் பிறகு.

மூன்று அடுக்கு என்று கணக்கு வையுங்கள். உடம்போடு ஒட்டுவது தெர்மல்: மேலுக்கும் காலுக்கும் மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர். நடுவில் சூட்டைப் பிடித்து வைக்கும் ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். வெளியே காற்றும் தண்ணீரும் உள்ளே வராத ஜெர்கின். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட இது ஏன் மேல் என்றால், அடுக்குகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. இன்னொன்று, அங்கே ரயிலுக்குள்ளும் கடைக்குள்ளும் 20 டிகிரிக்கு மேல் ஹீட்டர் ஓடும். உள்ளே போனதும் ஒவ்வொன்றாகக் கழற்ற முடியாவிட்டால் வேர்த்து நனைந்து, வெளியே வந்ததும் நடுங்க வேண்டியதுதான். எனவே நடு அடுக்கு முன்பக்கம் ஜிப் உள்ளதாக இருக்கட்டும்.

வாங்கும்போது, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) தெரிந்த திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்கள் காலரிலோ பக்கத் தையலிலோ இருக்கும் சின்னச் சீட்டைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை சதவீதம் என்ன நூல் என்று அதில் இருக்கும். காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய ஹூடிகள் மலிவாகக் கிடைக்கும். உள்பக்கம் சொரசொரவென்று பிரஷ் பண்ணியிருக்கும், கையை விட்டால் கதகதப்பாகத்தான் இருக்கும். ஆனால் சீட்டில் பருத்தி 80 என்று இருந்தால் அது ஓட்டல் அறைக்கும் ரயிலுக்கும்தான். 200 ஜிஎஸ்எம்முக்கு மேல் முழு பாலியஸ்டர் ஃப்ளீஸ் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். தெர்மலும் ஜெர்கினும் கோவை டெகாத்லானில் போட்டுப் பார்த்து வாங்கலாம். ஜெர்கினில் உள்ளங்கைத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும், துணி கருத்து ஊறினால் வேண்டாம். உள்ளே தெர்மலும் ஃப்ளீஸும் போட்டுக்கொண்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கி இடுப்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். ரோவனியேமி இருக்கும் லாப்லாந்துப் பகுதியில் பனிச் சவாரிக்குக் கூட்டிப் போகிறவர்கள் உடம்பு முழுக்க மூடும் குளிர் உடையும் பூட்ஸும் அவர்களே தருவார்கள். சுவிட்சர்லாந்தில் பனி உடை வாடகைக்குக் கிடைக்கும். நம் ஊரில் திரும்ப வந்து எங்கேயும் போட முடியாத பத்தாயிரம் ரூபாய் ஜெர்கினைவிட இது உத்தமம். வளரும் பிள்ளைகளுக்கு வாடகையேதான் சரி.

காசைக் கால்களில் போடுங்கள். தண்ணீர் புகாத, கணுக்கால் மூடும், அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர் ஷூ. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். அரை சைஸ் பெரியது வேண்டியிருக்கும். விரல்கள் உள்ளே அசைய வேண்டும். இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். புது ஷூவை இங்கேயே இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.

சேலைதான் கட்டுவேன் என்கிற அம்மாயியை மாற்ற முயல வேண்டாம். உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், அதன் மேல் ஃப்ளீஸ் கால்சட்டை, பாவாடைக்குப் பதிலாக அதன் மேலேயே சேலை. கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, முழங்கால் வரை வரும் கோட் போட்டால் அழகாகவே இருக்கும். கரை பனியில் தோய்ந்தால் கொஞ்ச நேரத்தில் ஈரம் மேலேறும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். பாலியஸ்டர் சேலை என்றால் சீக்கிரம் காயும்.

காதை மூடும் கம்பளிக் குல்லா, கழுத்துக்கு மப்ளர், தண்ணீர் புகாத கையுறை, பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி. புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், உயரம் கூடக் கூட அந்தக் கதிரும் கூடும். குளிர்தானே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். ஒருவருக்கு இரண்டு செட் தெர்மல், ஒரு ஃப்ளீஸ், ஒரு ஜெர்கின், நான்கு ஜோடி சாக்ஸ் இருந்தால் பத்து நாள் ஓட்டலாம்.

ஊட்டியில் ஒரு ஒத்திகை

நம் பக்கத்துக்காரர்களுக்கு இது பெரிய வசதி. டிசம்பரில் தலைகுந்தாவில் புல்வெளி முழுக்க உறைபனி வெளுத்துக் கிடக்கும், வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும். இ-பாஸ் எடுத்துக்கொண்டு, மேட்டுப்பாளையம் வழியாக முந்தின நாளே போய்த் தங்கி, விடியலில் எல்லாரும் வாங்கிய துணியைப் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். ஒரு மணி நேரம் நடங்கள். அப்புறம் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள், அதுதான் முக்கியம். பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும்போதுதான் குளிர் பிடிக்கும், நடக்கும்போது அல்ல. யாருக்கு விரல் மரத்தது, யாருக்குக் காது வலித்தது, யாருக்கு முதுகில் வேர்த்தது என்று கேட்டு எழுதிக்கொண்டால் கடைசி நேரக் கடைப் பட்டியல் தயார்.

சாப்பாட்டு மூட்டை

சமையலறை உள்ள அபார்ட்மெண்ட் எடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அரிசியும் துவரம் பருப்பும், பொடியாக அரைத்த மசாலும் கொண்டுபோய், வெங்காயம் பூண்டு அங்கே வாங்கினால் ஒரே பாத்திரத்தில் அரிசிம்பருப்புச் சாதம் ஆகிவிடும். வெளியே சுற்றிவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அதற்கு ஈடு கிடையாது. ஓட்டல் அறையில் மட்டும் குக்கரை வைக்காதீர்கள், புகை எச்சரிக்கை மணி அடித்தால் அபராதம் உங்கள் தலையில். ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், முந்தின நாளே வாங்கி வையுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதில்தான் நம்மவர்கள் மாட்டுகிறார்கள். ஐரோப்பாவுக்குப் பால் பொருளும் இறைச்சியும் எடுத்துப் போக முடியாது. நெய், பன்னீர், பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாம் இதில் வரும். நெய் ஊற்றிச் செய்த மைசூர்பாவையும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தடை, வேண்டுமானால் கறிவேப்பிலைப் பொடி. அமீரகம் வழியாகப் போகிறவர்கள் கசகசாவை மசாலில்கூடச் சேர்க்கக் கூடாது, அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். காங்கேயம், பொள்ளாச்சிக்காரர்கள் கவனிக்க: கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், பெட்டியில் போடாதீர்கள். பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு போதும். ஊறுகாயும் எண்ணெயும் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் இரட்டைக் கவர் போட்டு வையுங்கள். தலைக்கும் தோலுக்கும் தேங்காய் எண்ணெய் கொண்டுபோவதென்றால் வாயகன்ற டப்பாவில் எடுங்கள். 24 டிகிரிக்குக் கீழேயே உறைந்துவிடும், குறுகிய வாய் பாட்டிலில் இருந்து ஒரு சொட்டு வராது.

மருந்து

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி பிபி ஏறும். இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் உயரமான உச்சிகளுக்குப் போகலாமா என்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கிளம்பும் முன் கேட்டே ஆக வேண்டும். 3,400 மீட்டரில் காற்று மெலிந்திருக்கும், படியேறும்போது நின்று நின்று போகட்டும். மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலின் ஒருபோதும் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. வெளியே சுற்றும்போதும் ஜெர்கினின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டோடு இருக்கட்டும். வறண்ட காற்றில் உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம் வரும். வாசலினும் அடிக்கடி வெந்நீரும் உதவும். தாகம் தெரியாது என்பதால் பெரியவர்களைக் கேட்டுக் கேட்டுக் குடிக்க வையுங்கள்.

போன், கேமரா

குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும். போனையும் உள்பாக்கெட்டில் வையுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். 20,000 எம்ஏஎச் வரை எந்தப் பிரச்சினையும் இல்லை. சுவிட்சர்லாந்தில் மூன்று துளை பிளக் தனி வகை, அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் நம்முடையதே. ஜப்பானில் 100 வோல்ட் என்பதால் நம் எலக்ட்ரிக் குக்கர் அங்கே ஓடாது. பனியிலிருந்து சூடான அறைக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் கவருக்குள் போட்டு மூடிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். இல்லாவிட்டால் லென்ஸுக்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும்.

பெட்டி கட்டும் நாள்

காற்றை உறிஞ்சும் பைகள் இடத்தைக் குறைக்கும், எடையைக் குறைக்காது. எடை பார்க்கும் சின்னக் கொக்கித் தராசை வாங்கி, அனுமதிக்கு இரண்டு கிலோ குறைவாகவே நிறுத்துங்கள். எல்லார் துணியையும் எல்லாப் பெட்டிகளிலும் கலந்து வையுங்கள், ஒரு பெட்டி வராமல் போனாலும் யாரும் மாற்றுத் துணி இல்லாமல் நிற்க மாட்டார்கள். பூட்ஸைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள், ஜெர்கினைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பையில் ஒருவருக்கு ஒரு செட் தெர்மல், குல்லா, கையுறை கட்டாயம். அங்கே விமான நிலையக் கதவைத் திறந்ததும் தேவைப்படுவது அதுதான்.

இறங்கியதும்

2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லைகளில் புதிய பதிவு முறைப்படி முகப்படம் எடுக்கிறார்கள். வரிசை நீளும், எனவே விமானம் இறங்கி இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலுக்கு இருக்கை பதிய வேண்டாம். முதல் நாள் மலைக்குப் போகாதீர்கள். அறைக்குப் போய்ச் சூடாகச் சாப்பிட்டு, சாயங்காலம் தெருவில் அரை மணி நேரம் மட்டும் நடங்கள். கண்ணாடி போல வழவழக்கும் பனித்தரையில் காலைத் தூக்கி வீசி நடக்காமல், குட்டிக் குட்டி அடியாக, பாதம் முழுக்கப் பதித்து நடக்கப் பெரியவர்களைப் பழக்குங்கள். கைகள் பாக்கெட்டுக்குள் இருக்கக் கூடாது, சறுக்கினால் ஊன்ற வேண்டும். அவர்களுக்கு அது கைவந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மறுநாள் உச்சிக்கு டிக்கெட் எடுங்கள்.